கீழ்த் திரையில் எழுதினால் மேல் திரையில் கோடு விழுகிறது: ஸென்புக் டுவோவும் லினக்ஸ் மின்ட்டும்

இணைந்தகணிதம்_முள்ளியவளை

வணக்கம். நான் முள்ளியவளையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறு நேரடி வகுப்பு, மற்ற நாட்களில் இரவு ஏழரைக்கு ஸூம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கத்துப் பிள்ளைகள் இரவில் பஸ் பிடித்து வந்து போக ஏலாது, அவர்களுக்கு ஸூம்தான் வகுப்பு.

கனடாவில் இருக்கும் மாமா தான் பாவித்த அசூஸ் ஸென்புக் டுவோ லப்டொப்பை அனுப்பிவிட்டார், யூஎக்ஸ்481 மொடல். விசைப்பலகைக்கும் வழமையான திரைக்கும் நடுவில் நீளமாக இன்னொரு தொடுதிரை இருக்கும், அதுதான். பேனையும் கூடவே வந்தது. கீழ்த் திரையில் கணக்கைச் செய்துகொண்டு மேலே பிள்ளைகளின் முகங்களைப் பார்க்கலாம் என்று மிகவும் ஆசைப்பட்டேன். விசைகள் அமுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அடிமட்டம் வைத்து, அதற்கு மேல் சீ.ஆர் கொப்பியைப் படுக்கப் போட்டு, அதில் கையை ஊன்றி எழுதுகிறேன். அது வசதியாகத்தான் இருக்கிறது.

பிரச்சினை வேறு. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் தம்பி போன மாதம் இதில் லினக்ஸ் மின்ட் 21.3 என்ற இயங்குதளத்தைப் போட்டுத் தந்தான். அன்றிலிருந்து கீழ்த் திரை எப்போதும் முழு வெளிச்சத்தில் எரிகிறது, குறைக்க வழியே இல்லை. கரண்ட் போனால் பற்றரி வகுப்பு முடியும்வரை தாங்குமா என்ற பயத்தோடுதான் இருக்கிறேன். அதைவிடப் பெரியது, கீழே பேனையை வைத்தால் கோடு மேல் திரையில் விழுகிறது. நேற்றைய பாடம் எறியம், அதாவது எறிந்த பொருள் போகும் பாதை. கீழ்த் திரையில் தட்டையாக ஒரு பரவளைவு வரைந்தேன், அது மேலே நடுப்பகுதியில் தொடங்கி, கூர்ந்து, நெட்டையாக நின்றது. ஒரு பிள்ளை "ரீச்சர், நிலைக்குத்தாக எறிந்ததா?" என்று கேட்டது.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். திரை பழுது, மாற்ற வேண்டும் என்று ஒரு விலை சொன்னார்கள். என்னால் அவ்வளவு ஏலாது. தம்பிக்கு இப்போது பரீட்சை, அவனைத் தொல்லைப்படுத்த மனமில்லை. யாராவது வழி சொன்னால் பெரிய உதவி.

கனகராயன்

ரீச்சர், திரையை மாற்றக் குடுக்காதீர்கள். திரையில் ஒரு பிழையும் இல்லை.

நீங்கள் கணிதம் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். மேல் திரை 1920க்கு 1080, கீழ்த் திரை 1920க்கு 515. மின்ட்டுக்கு அடியில் ஓடி, திரையில் படம் காட்டும் எக்ஸ்11 என்ற மென்பொருள் இரண்டையும் ஒட்டி 1920க்கு 1595 என்ற ஒரே பலகையாகத்தான் பார்க்கிறது. இந்தத் தொடுகை இந்தத் திரைக்கு உரியது என்று யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால், கீழே 515 உயரத்தில் நீங்கள் வரைவதை 1595 உயரத்துக்கு இழுத்துப் போட்டுவிடும். அகலம் இரண்டுக்கும் ஒன்றே, அதனால் அது மாறாது. 1595ஐ 515ஆல் வகுத்துப் பாருங்கள், மூன்றுக்குச் சற்றுக் கூட வரும், உங்கள் பரவளைவு நெட்டையாகப் போனது அதனால்தான். வட்டம் கீறிப் பாருங்கள், நிமிர்த்தி வைத்த முட்டை மாதிரி வரும்.

வெளிச்சம் தனி விஷயம். கட்டளை அடிக்கும் ஜன்னலான ரெர்மினலைத் திறந்து யூநேம், ஓர் இடைவெளி, கழித்தல் குறி, ஆர் என்று அடித்தால் என்ன எண் வருகிறது என்று சொல்லுங்கள்.

தனிப்பனை

அக்கா, எனக்கும் இதே மொடல்தான். கீழ்த் திரையின் வெளிச்சத்துக்கு ஆர்வலர்கள் எழுதிய கேர்னல் மொடியூல் ஒன்று இருக்கிறது (கேர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி, மொடியூல் அதில் சேர்க்கும் துண்டு), இறக்கி, கேர்னல் மாறும்போது அதைத் திரும்பக் கட்டும் டிகேஎம்எஸ் மூலம் போட்டால் வேலை செய்யும். நான் 2021இல் இருந்து அதைத்தான் பாவிக்கிறேன். செக்கியூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை மட்டும் பயோஸ் அமைப்பில் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கையொப்பம் இல்லாத மொடியூலை ஏற்றாது.

இணைந்தகணிதம்_முள்ளியவளை

கனகராயன் அண்ணா, 5.15 என்று தொடங்குகிறது.

வட்டமும் கீறிப் பார்த்தேன், முட்டைதான்! இத்தனை நாளும் நான் பேனையைப் பிடிக்கிற விதம் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கனகராயன்

நினைத்தேன். உங்கள் கேர்னல் 5.15 பழையது. இந்தக் கீழ்த் திரையின் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி லினக்ஸ் கேர்னலுக்குள்ளேயே 6.7இல் சேர்ந்துவிட்டது. தனிப்பனை தம்பி சொன்ன மொடியூல் 2021இல் சரியான வழி, அப்போது வேறு வழியும் இருக்கவில்லை. இன்றைக்கு அது தேவையில்லை, அதுவும் வகுப்பு நடத்தும் மெஷினில் கேர்னல் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு வெளி மொடியூல் திரும்பக் கட்டுப்படுமா இல்லையா என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். செக்கியூர் பூட்டையும் தொட வேண்டியதில்லை.

மின்ட் 21.3இலேயே அப்டேட் மனேஜரைத் திறந்து, மேலே வியூ, அதில் லினக்ஸ் கேர்னல்ஸ். 6.8 பட்டியலில் இருக்கும், அதில் மிகப் புதியதைப் போடுங்கள். மின்ட் 22 தொடக்கத்திலேயே 6.8 உடன்தான் வருகிறது, ஆனால் அதன் முழு நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை இறக்கினால் உங்கள் டேட்டா போய்விடும், இது அதைவிட எவ்வளவோ சிறியது. பழைய கேர்னலை அழிக்காதீர்கள். உங்கள் மொடலில் என்விடியா கிராபிக்ஸ் இருந்தால் அதன் டிரைவர் புதிய கேர்னலோடு முரண்டு பிடிக்கலாம், அப்போது திரை கறுப்பாக நின்றால் மறுபடி தொடக்கி, எந்தக் கேர்னலில் எழும்புவது என்று கேட்கும் கிரப் பட்டியலில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் போய்ப் பழைய 5.15ஐத் தெரிந்தால் நேற்றிருந்த மாதிரியே திரும்பி வரும். முதலில் அதை ஒரு தடவை செய்து பழகுங்கள், பிறகு போடுங்கள். வகுப்பு இல்லாத நாளில்.

புதிய கேர்னலில் எழும்பியதும் பிரைட்னஸ்சிடிஎல் என்ற சிறு மென்பொருளை நிறுவி, சாதனங்களைப் பட்டியல் இடச் சொல்லுங்கள். இன்டெல் பேக்லைட் என்பது மேல் திரை, அசூஸ் ஸ்கிரீன்பேட் என்பது கீழ்த் திரை. இரண்டுக்கும் தனித்தனியாக அளவு கொடுக்கலாம். ஒன்று நடக்கலாம்: விசைப்பலகையில் வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள் மேல் திரையை விட்டுக் கீழ்த் திரையைப் பிடித்துக்கொள்ளக்கூடும். பயப்பட வேண்டாம், விசைகளுக்கு இந்தக் கட்டளையையே கொடுத்துவிட்டால் சரி.

தொடுகைக்கு எக்ஸ்இன்புட் என்ற கட்டளை. பட்டியலில் இலான் என்று தொடங்கும் பெயர்கள் இருக்கும், 9008 மேல் திரை, 9009 கீழ்த் திரை. திரைகளைப் பட்டியல் இடும் எக்ஸ்ரேண்டர் கட்டளையை அடித்தால் 1920க்கு 515 என்று எந்த வெளியீட்டுக்கு நேரே வருகிறதோ அதுதான் கீழ்த் திரையின் பெயர். எக்ஸ்இன்புட்டின் மேப் டு அவுட்புட் கட்டளையில் 9009ஐயும் அந்தப் பெயரையும் கொடுங்கள், 9008ஐ மேல் திரைக்குக் கொடுங்கள். பட்டியலில் ஐடி என்று வரும் எண் அடையாளத்தை எழுதாதீர்கள், மறுபடி தொடக்கினால் அது மாறும். சாதனத்தின் முழுப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்.

இணைந்தகணிதம்_முள்ளியவளை

ஞாயிறு வகுப்பு முடிந்து பின்னேரம் இருந்து செய்தேன். கேர்னல் 6.8 ஆகிவிட்டது. வெளிச்சம் குறைகிறது! கால்வாசியில் வைத்திருக்கிறேன், அது எனக்குக் காணும்.

விரலால் தொட்டால் கீழ்த் திரையில் தொட்ட இடத்திலேயே பிடிக்கிறது. ஆனால் பேனை இன்னும் பழையபடி மேலேதான் கீறுகிறது. பட்டியலில் 9009க்கு இரண்டு பெயர் இருந்தது, ஒன்று வெறுமனே, மற்றது கடைசியில் ஸ்டைலஸ் என்று. இரண்டையும் கீழ்த் திரைக்குக் கொடுத்தேன், பிழை ஒன்றும் காட்டவில்லை, இருந்தும் பேனை கேட்கவில்லை. நாலு தடவை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். எனக்கு வேண்டியதே பேனைதான் அண்ணா.

பாலைப்பழம்

ரீச்சர், இதில் நானும் ஒரு முழு இரவு மினக்கெட்டேன், அதனால் சொல்கிறேன். நீங்கள் பட்டியலைப் பார்க்கும்போது பேனை இன்னும் அங்கே வரவில்லை.

ஸ்டைலஸ் என்று இருப்பது பேனையை உணரும் பகுதி மட்டும். பேனை என்ற சாதனம், லப்டொப் எழும்பிய பிறகு முதல் தடவை பேனை முனையைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோகும்போதுதான் உருவாகிறது. அதுவரை அந்தப் பெயரே இல்லை. இப்படிச் செய்யுங்கள்: பேனையை எடுத்துக் கீழ்த் திரையில் ஒரு புள்ளி வையுங்கள், அது எங்கே விழுந்தாலும் பரவாயில்லை. உடனே எக்ஸ்இன்புட் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். அதே பெயரோடு, கடைசியில் பென், அடைப்புக்குறிக்குள் பூச்சியம் என்று மூன்றாவதாக ஒன்று புதிதாக நிற்கும். அதைத்தான் கீழ்த் திரைக்குக் கொடுக்க வேண்டும்.

இதனால் இன்னொரு சங்கடம், லொகின் ஆகும்போது தானாக ஓடும்படி வைத்தால் விரலுக்குச் சரிவரும், பேனைக்குச் சரிவராது, அந்த நேரத்தில் பேனை பிறந்திருக்காதே. நான் எல்லாக் கட்டளைகளையும் ஒரு சிறு கோப்பில் எழுதி, கீபோர்ட் அமைப்பில் கஸ்டம் ஷோர்ட்கட்டில் எஃப்12க்குக் கொடுத்திருக்கிறேன். காலையில் ஒரு புள்ளி, பிறகு எஃப்12. அவ்வளவுதான்.

எக்ஸ்11க்குப் பதிலான வேலண்ட் அமர்வுக்குள் மட்டும் போகாதீர்கள், எக்ஸ்இன்புட் அங்கே பிடிக்காது. மின்ட் வழமையாக எக்ஸ்11இலேயே எழும்பும், அப்படியே விடுங்கள்.

தனிப்பனை

கனகராயன் அண்ணா, நானும் இன்று மொடியூலைக் கழற்றிவிட்டு 6.8இலேயே விட்டேன், வேலை செய்கிறது. செக்கியூர் பூட்டையும் திரும்பப் போட்டுவிட்டேன். நன்றி.

இணைந்தகணிதம்_முள்ளியவளை

பாலைப்பழம், நீங்கள் தங்கச்சியா தம்பியா தெரியவில்லை, நல்லா இருக்க வேண்டும். புள்ளி வைத்தேன், பட்டியலைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே மூன்றாவது பெயர் வந்து நிற்கிறது. கொடுத்தேன். அடுத்த கோடு பேனை முனைக்குக் கீழேயே வந்தது.

இன்றிரவு எறியத்தைத் திரும்ப முதலில் இருந்து எடுத்தேன். பரவளைவு தட்டையாகவே வந்தது, உச்சி உயரத்தையும் வீச்சையும் அதிலேயே குறித்துக் காட்டினேன். நடுவில் இருபது நிமிடம் கரண்ட் இல்லை, லப்டொப் நிற்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். ஸோர்னல் என்ற குறிப்பெழுதும் செயலியில் எழுதுவதைப் பகிரும்போது பிள்ளைகளின் ஃபோனில் மெல்லிய பட்டியாகத் தெரிகிறதாம், எழுத்து சின்னன் என்கிறார்கள். அதற்கு ஏதாவது செய்யலாமா?

கனகராயன்

1920க்கு 515 என்ற வடிவம் ஃபோனில் அப்படித்தான் தெரியும் ரீச்சர். கீழ்த் திரை முழுவதையும் பகிராதீர்கள். ஸோர்னல் ஜன்னலைக் கீழ்த் திரையின் பாதி அகலத்துக்குச் சுருக்கி, அந்த ஜன்னலை மட்டும் பகிருங்கள், அப்போது வடிவம் ஏறக்குறைய ஃபோனைப் படுக்க வைத்த அளவுக்கு வந்துவிடும், எழுத்தும் பெரிதாகும். மற்றப் பாதியில் வினாத்தாளைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், அது பிள்ளைகளுக்குத் தெரியாது.

இணைந்தகணிதம்_முள்ளியவளை

நாளைக்கே செய்து பார்க்கிறேன் அண்ணா. வினாத்தாளுக்கு இடம் இல்லாமல்தான் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.