ஓட்டு வீட்டில் தெளிவாகக் கேட்ட மிருதங்கம், புது ஹாலில் குழம்புகிறது

குடமுருட்டிக்கரை:
திருவையாறு பக்கம் மிருதங்கம் சொல்லித் தருகிறேன். போன தை வரைக்கும் தாத்தா காலத்து ஓட்டு வீட்டில், முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் வகுப்பு நடந்தது. இப்போது பக்கத்திலேயே கட்டிய காங்கிரீட் வீட்டு ஹாலுக்கு வந்துவிட்டோம். 20 அடிக்கு 13 அடி, உயரம் 10 அடி, தரையெல்லாம் டைல்ஸ். நான்கு பையன்கள் சேர்ந்து வாசித்தால் எது யார் கை என்றே தெரியவில்லை. இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம் எடுத்தால் ஒரே கசகசப்பு. கை தட்டினால் சுவருக்குச் சுவர் ‘ட்ர்ர்ர்’ என்று ஓடுகிறது. மூலையில் உட்காருகிறவனுக்குத் தொப்பி (மிருதங்கத்தின் இடக்கைப் பக்கம், தாழ்ந்த ஒலி) குமுறுகிறது. ஒரு சுவர் முழுக்கத் தெர்மாகோல் ஒட்டியதில் 1,800 ரூபாய் போனதுதான் மிச்சம். அடுத்து முட்டை அட்டை ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டலாமா?

மன்னார்குடி மாப்பிள்ளை:
வேண்டாம். என் மச்சான் ஒட்டினான். ஆறே மாதத்தில் கரப்பான் குடியேறியது, எதிரொலி அப்படியே இருக்கிறது.

பழைய மைக்செட்:
கும்பகோணத்தில் முப்பது வருடம் மைக் செட் போட்டவன் நான். காலியான கல்யாண மண்டபத்தில் ‘ஹலோ’ சொன்னால் நாலு ஹலோ திரும்பி வரும். பந்திக்கு முன்னால் ஜனம் வந்து உட்கார்ந்ததும் தானாக அடங்கிவிடும். உடம்பும் புடவையும் ஒலியை விழுங்குகின்றன.

உங்கள் பழைய வீட்டில் அந்த வேலையைச் செய்தது முற்றம். மேலே போன ஒலி திரும்புவதே இல்லை. இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்த ஹார்வர்டு பேராசிரியர் வாலஸ் சேபின்கூட, திறந்த ஜன்னலைத்தான் அளவுகோலாக வைத்தார். 1895 வாக்கில் எதிரொலித்த ஒரு வகுப்பறையைச் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து போட்டுப் போட்டு அளந்தார் மனுஷன்.

அவர் சூத்திரப்படி, அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் (எத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம் என்ற கணக்கு) வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும். உங்கள் ஹால் 6, 4, 3 மீட்டர், அதாவது 72 கன மீட்டர். வெறும் சுவரும் டைல்ஸும் கதவும் சேர்ந்து 5 சதுர மீட்டர் உறிஞ்சினால் அதிகம். அப்படியானால் 2.3 விநாடி. மிருதங்கத்துக்கு 0.7 போதும் என்பேன். அதற்கு இன்னும் 11, 12 சதுர மீட்டர் வேண்டும்.

தெர்மாகோலுக்குள் காற்று போகாது, அதனால் ஒலியும் சாகாது. துணியை வாயில் வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் வர வேண்டும், அதுதான் சோதனை. இழைகளுக்கு நடுவே காற்று உரசி வெப்பமாவதில்தான் ஒலி கரைகிறது. 4க்கு 2 அடியில் மரச்சட்டம், உள்ளே 2 அங்குல ராக்வுல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு), மேலே காடாத் துணி. சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி மாட்டுங்கள். பத்துப் பலகை போதும். ராக்வுல் நறுக்கும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம், அரிப்பு உயிரை வாங்கும். தரைக்குக் கனமான ஜமுக்காளம். மிச்சத்தைப் பையன்களே விழுங்கிக்கொள்வார்கள்.

காசு போடுவதற்கு முன், வீட்டிலுள்ள பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி வாசித்துப் பாருங்கள்.

குடமுருட்டிக்கரை:
நிறுத்தினேன் ஐயா! நாலு இலவம்பஞ்சு மெத்தை. ‘ட்ர்ர்ர்’ போயே போச்சு. ராத்திரி எதில் படுப்பது என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆனால் மூலைத் தொப்பி அசையவில்லை. இன்னொன்று, பலகை மாட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் குறையுமா?

பழைய மைக்செட்:
குறையாது. வெளியே போகும் ஒலியைத் தடுக்க கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும், பஞ்சு உதவாது. தொப்பி விஷயம் வேறு. உங்கள் ஹாலின் நீளம், அகலம் இரண்டுமே 86 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 86 அதிர்வு) அருகில் சேர்ந்து அதிர்கின்றன. அந்த அலையின் நீளமே 4 மீட்டர், 2 அங்குலப் பஞ்சு அதற்குக் கொசுக்கடி. மூலையில் தரை முதல் கூரை வரை ஓரடி கனத்துக்கு அடைத்தால் ஓரளவு குறையும். அதுவரை அந்தப் பையனை மூலையிலிருந்து நாலடி முன்னால் உட்கார வையுங்கள்.