ஓவியப் பயிற்சிக்காகப் பெட்டி வரைந்து திருத்தம் வாங்கியதில் இன்னும் உறுத்துவது எது?

மைக்கறை:
வெவ்வேறு கோணங்களில் 250 பெட்டிகள் வரைந்து பழகும் பயிற்சியின் நடுவில் நடந்தது. தாளை முடித்ததும் சிவப்புப் பேனாவால் கோடுகளை நீட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் திருத்தத்துக்கு அனுப்புவேன். ஒரு திசைக்கு நான்கு விளிம்பாகப் பன்னிரண்டும் அந்தந்தத் திசையின் மறைபுள்ளியை (விலகிப்போகும் இணைகோடுகள் சந்திப்பதாகத் தோன்றும் புள்ளி) நோக்கி ஒழுங்காகவே குவிந்தன. வந்த பதில்: "தவறில்லை. ஆனால் எல்லாப் பெட்டிகளும் ஒரே பக்கம் திரும்பி நிற்கின்றன. மறைபுள்ளியைத் தாளுக்குள் கொண்டுவர ஏன் பயம்?" பயமாம்! அந்தக் கோபத்தில் மறைபுள்ளிகளைப் பக்கத்திலேயே வைத்து ஒரு பெட்டி வரைந்தேன். முன்மூலை மூக்கு போலத் துருத்திக்கொண்டு நின்றது. அதையும் அனுப்பினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

ஒற்றைக்கண்:
எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரையும் மாடல் டிராயிங் தேர்வுக்குத் தயாரான காலம். மேசைமேல் மரப்பெட்டி. மாஸ்டர் என்னை எழுப்பிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தார். கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலைப் பெட்டியின் மேல்விளிம்போடு சாய்த்துப் பிடித்தார். தாளில் நான் செங்குத்தாக ஏற்றியிருந்த கோடு, அங்கே கிட்டத்தட்டப் படுத்துக் கிடந்தது. ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். நிஜப்பெட்டி ஒன்று எதிரே இருந்தால் போதும், 250 எதற்கு?

தச்சுப்பட்டறை:
ஒற்றைக்கண் சொல்வதை ஏற்க முடியாது. எதிரே இருப்பதை அளந்து வரைவது ஒரு வேலை. இல்லாத பெட்டியை மனதில் வேண்டியபடி திருப்புவது வேறு வேலை. இத்தாலியின் ஃபிளாரன்ஸில் கட்டடக் கலைஞர் புருனலெஸ்கி கண்ணாடி வைத்துக் காட்டியது எதிரே நின்ற கட்டடத்தை. 1435இல் ஆல்பர்ட்டி என்ற அறிஞர், ஆழத்தைத் தாளில் காட்டும் முறையை எழுதிவைத்த பிறகு, கண்ணால் காணாத மண்டபத்தையும் வரைய வழி கிடைத்தது.

மைக்கறைக்குச் சில யோசனைகள். கோட்டை நீட்டும்போது பெட்டி நம்மைவிட்டு விலகும் திசையில் நீட்டுங்கள். திசைக்கு ஒரு நிறம் வையுங்கள். நான்கும் ஒன்றாகக் குவியாமல் இரண்டிரண்டாகச் சேர்கிறதா என்று பாருங்கள், பலருக்கும் இடறுவது அங்கேதான். பின்மூலையில் மூன்று கோடுகள் சந்திக்காமல் சிறு முக்கோணம் விழுந்தால் அந்த மூலையைத் திட்டாதீர்கள். முன்னால் செய்த பிழையெல்லாம் அங்கே வந்து சேர்கிறது. கோட்டைத் தோளிலிருந்து இழுங்கள். 0.5 மி.மீ. ஃபைன்லைனர் (மெல்லிய முனைப் பேனா) நல்லது. மேசை உயரத்தையும் கவனியுங்கள்.

என் அனுபவமா? தாள் முழுவதற்கும் ஒருவர் "நன்று" என்று மட்டும் எழுதினார். எது நன்று என்று இன்றுவரை தெரியவில்லை.

மைக்கறை:
திசையில் எனக்குக் குழப்பமில்லை, மேசையும் நலம். மூக்கு துருத்திய பெட்டி சரியா, தவறா? அதைச் சொல்லுங்கள்.

ஒற்றைக்கண்:
சோப்பு டப்பாவைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பாருங்கள், அதுவும் துருத்தும். முன்மூலையின் கோணம் எதுவும் 90 பாகைக்குக் கீழே போயிருந்தால்தான் கோளாறு. புள்ளிகளைத் தள்ளி வையுங்கள். இதில் மட்டும் தச்சுப்பட்டறையும் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.