நிலக் கோரிக்கை ஆலோசகர்: முன்னாள் தலைவரா, ஆவணம் அறிந்தவரா?

ஆவணப்பெட்டி:
கனடாவின் பூர்வகுடிச் சமூகங்கள் பல, நிலக் கோரிக்கைக்கு ஆலோசகர் தேடும்போது "தலைமைப் பொறுப்பில் இருந்தவர்" என்பதையே முதல் தகுதியாகப் பார்க்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. ரிசர்வ் (பூர்வகுடியினருக்கென அரசு ஒதுக்கிய) நிலத்தை அரசு முறைகேடாக விற்றது போன்ற பழைய அநீதிகளுக்கான கோரிக்கையில் வெல்வது காகிதம். வரலாற்று அறிக்கை, சட்ட வாதம், சுட்டிய ஆவணங்களின் நகல்கள் எல்லாம் வேண்டும். குறை இருந்தால், அமைச்சர் முடிவு சொல்ல 2008 சட்டம் தரும் 3 ஆண்டுக் கெடு ஓடவே தொடங்காது. சம்பவம் நடந்து 15 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். அந்தச் சட்டம் அமைத்த தீர்ப்பாயத்துக்குப் போனாலும் 15 கோடி டாலர் வரை பணம்தான், நிலம் இல்லை.

ஊர்ச்சபை:
அது ஒருவகைக் கோரிக்கை மட்டும். ஒப்பந்தமே போடப்படாத பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதியில் கேள்வியே வேறு: உரிமை யாருடையது? தேர்தலில் வந்த பேண்ட் கவுன்சிலின் (சமூகத்தின் நிர்வாக சபை) அதிகாரம் ரிசர்வைச் சார்ந்தது. அங்குள்ள வெட்சுவெட்டன் பூர்வகுடியினரின் மரபு நிலங்களோ பரம்பரைத் தலைவர்களின் பொறுப்பு. அந்த நிலம் வழியே போகும் கோஸ்டல் கேஸ்லிங்க் எரிவாயுக் குழாய்க்குக் கவுன்சில்கள் கையெழுத்திட்டன, பரம்பரைத் தலைவர்கள் மறுத்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக 2020இல் நாடெங்கும் ரயில் பாதைகள் மறிக்கப்பட்டன. காப்பகத்தில் உட்கார்ந்து இதைக் கணிக்க முடியாது. 1997இல் தீர்ப்பு வந்த டெல்காமூக் நில உரிமை வழக்கைத் தொடுத்தவர்களும் பரம்பரைத் தலைவர்களே. வாய்மொழி வரலாறும் சான்றுதான் என்றது உச்ச நீதிமன்றம்.

ஆவணப்பெட்டி:
அந்தத் தீர்ப்பு நிலத்தைத் தரவில்லையே, மறுவிசாரணைக்கு அனுப்பியதோடு சரி. பூர்வகுடி நில உரிமையை உச்ச நீதிமன்றம் முதன்முதல் அறிவித்தது 2014இல், பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்கோட்டின் மக்கள் வழக்கில், சுமார் 1,750 சதுர கி.மீ.க்கு. கீழமை நீதிமன்ற விசாரணை மட்டும் 339 நாள். நிலத்தைப் போதுமான அளவில், தொடர்ச்சியாக, பிறருக்கு விடாமல் ஆண்டதை நிறுவ வேண்டும். பெரியவர்களின் சாட்சியத்தை வரைபடத்தோடும் நிபுணர் அறிக்கையோடும் இடம் இடமாகப் பொருத்தாமல் இது நடக்காது.

ஊர்ச்சபை:
நீதிமன்றத்தை மட்டும் பார்க்கிறீர்கள். அரசோடு நடத்தும் உடன்படிக்கைப் பேச்சுவார்த்தை கடைசிப் படியிலும் சாகும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் லேட்லி டென்னே மக்கள் 2007இலும் 2018இலும் உடன்படிக்கையை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். இத்தனைக்கும் அந்தப் பேச்சு மேசைகள் பெருமளவு கடனில் ஓடியவை. 2019 பட்ஜெட்டில்தான் நடுவண் அரசு அந்தக் கடன்களுக்குத் தள்ளுபடி அறிவித்தது. அதே மாகாணத்தின் நிஸ்கா மக்களின் உடன்படிக்கை 2000 மே 11இல் நடைமுறைக்கு வந்தபோது, அவர்களுக்கு இருந்த விற்பனை வரி விலக்கு 8 ஆண்டிலும் வருமான வரி விலக்கு 12 ஆண்டிலும் முடியும் என்பது அதில் இருந்தது. இதை மக்கள் முன் நின்று சொல்ல, சபை நடத்திப் பழகியவர் வேண்டும்.

கரையோரம்:
கட்டணத்தை இருவருமே பேசவில்லை. தீர்வுத் தொகையில் சதவீதம் என்றால் ஆலோசகர் சீக்கிரம் கிடைக்கும் பணத்தின் பக்கம் சாய்வார். ஆனால் அதே பொருளில் இனிக் கோர மாட்டோம் என்று எழுதிக் கொடுப்பது நிரந்தரம். கட்டம் கட்டமாகக் கொடுங்கள். ஆவணங்களும் ஒலிப்பதிவுகளும் சமூகத்தின் சொத்து என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். அதே நிலம் பற்றிய பழைய கவுன்சில் தீர்மானத்தில் கையெழுத்திட்ட முன்னாள் தலைவர் சாட்சியாக அழைக்கப்படலாம். அவரை ஆலோசகராக அமர்த்தக் கூடாது.

ஆவணப்பெட்டி:
கடைசிப் புள்ளி சரி. ஆனாலும் முதலில் அமர்த்த வேண்டியவர் ஆய்வாளர். கோப்பு நிற்காவிட்டால் வாக்கெடுப்பு வரை போகவே முடியாது.

ஊர்ச்சபை:
அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. நிலம் வேண்டுமா, பணம் போதுமா என்று மக்களைக் கேட்க வேண்டும். நிலம்தான் என்றால் நீங்கள் சொன்ன தீர்ப்பாயம் உதவாது. அந்தக் கூட்டத்தை ஆய்வாளர் நடத்துவாரா?