பதில்: ஏடிசி-க்குத் (எம்ஆர்ஐ தரும் apparent diffusion coefficient என்ற எண்) தமிழில் 'பரவல் கெழு' வேண்டாமே

> பாடநூலிலேயே 'பரவல்' இருக்கிறது. 'தோற்றப் பரவல் கெழு' என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஐயா, வணக்கம்.

இயற்பியல் வகுப்புக்கு அது சரி. மார்பகப் புற்றுநோய் எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்ட ஒருவர் கையில் கொடுக்கும் எம்ஆர்ஐ அறிக்கைக்கு ஆகாது. அங்கே பரவல் என்றால் நோய் பரவுவதுதான். "பரவல் கெழு கூடியிருக்கிறது" என்று படித்தால் அந்த அம்மாவுக்குப் பகீர் என்றிருக்கும். கீமோ நடக்கும்போது அது பெரும்பாலும் நல்ல செய்தி!

இந்த எண் அளப்பது நீரை. திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கும். கட்டியில் செல்கள் நெருக்கியடித்து நிற்பதால் அலைய இடமில்லை, எண் தாழ்ந்திருக்கும். மருந்து செல்களை உடைத்ததும் இடம் கிடைக்கிறது, எண் ஏறுகிறது. உடல் வெப்பத்தில் தடையில்லாத நீருக்கு இது நொடிக்குச் சுமார் 0.003 சதுர மில்லிமீட்டர். மார்பகக் கட்டிகளில் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. கட்டி சுருங்குவதற்கு முன்பே இது அசையக்கூடும் என்பதால்தான், நோய் மருந்துக்குக் கேட்குமா என்று முன்கூட்டிப் பார்க்க இதை நாடுகிறார்கள். கட்டியின் அளவை வைத்துச் சிகிச்சைப் பலனை மதிப்பிடும் ரெசிஸ்ட் (RECIST) விதிப்படி கட்டிகளின் விட்டக் கூட்டுத்தொகை 30% குறைந்தால்தான் 'பகுதிப் பலன்'. எலும்பில் கெட்டிப்பட்டுக் கிடக்கும் நோயை அப்படி அளக்கவும் முடியாது.

'பரவல்' இடத்தில் 'விரவல்' என்று வைத்தால் கலத்தல் வாடை அடிக்கிறது (இலக்கணத்து விரவுப்பெயர் ஞாபகம் வருகிறதா?). இங்கே நீர் எதனோடும் கலக்கவில்லை, சும்மா உலவுகிறது. apparent என்பதற்கு வைத்த 'தோற்ற' இன்னும் மோசம். பள்ளியில் 'தோற்ற ஆழம்' படித்தோம்தான். ஆனால் மருத்துவமனையில் அது 'ஜெயிக்காத' என்றே காதில் விழும்.

என் முன்மொழிவு: தென்படு நீருலவல் கெழு. நுண்குழாய்களில் ஓடும் ரத்தமும் கணக்கில் கொஞ்சம் சேர்ந்துவிடுகிறது, அதனால் 'தென்படு' வேண்டும். பேச்சில் 'நீருலவல்' போதும். கூடினால் நல்லது என்ற பொருளைச் சொல்லிலேயே திணிக்க வேண்டாம். மஜ்ஜை குணமாகிக் கொழுப்பு திரும்பினால் எண் மறுபடி இறங்கும், அதுவும் நல்லதற்குத்தான்.

"மூன்றாம் சுற்றுக்குப் பின் இடுப்பெலும்பில் நீருலவல் ஏறியிருக்கிறது." சொல்லிப் பாருங்கள், நாக்கில் உருள்கிறதா? 'நீர் கோத்திருக்கிறது' என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்பதுதான் எனக்கிருக்கும் ஒரே பயம். அதற்கு யாரிடமாவது வழி இருந்தால் எழுதுங்கள்.