‘மாமா 60’ குழுவில் லிபியா

சுந்தரி அத்தை: அறுபதாம் கல்யாணத்துக்குச் சமையல்காரர் அட்வான்ஸ் 10,000 கேட்கிறார். இன்றைக்குள் கொடுக்கணும். யார் போறீங்க?

முத்து: அத்தை ஒரு நிமிஷம். ஏஜென்ட் நாளை 11 மணிக்குள் பாஸ்போர்ட் கேட்கிறார். மிஸ்ராத்தாவில் வெல்டர் வேலை. பெரியப்பா, போகலாமா?

கலா சித்தி: அது துபாய் பக்கமா

முத்து: லிபியா சித்தி

கலா சித்தி: ஐயோ

பெரியப்பா: முத்து, இதை ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. நான் அதே லிபியாவில் பெங்காசி ஊரில் நாலு வருஷம் இருந்தவன். நாட்டை ஆண்ட கடாஃபி காலத்தில் பெட்ரோல் தண்ணீரைவிடச் சல்லிசு. ஆனால் நான் குடியிருந்த வீட்டுக்காரர் கடாஃபியைப் பற்றி ஏதாவது சொல்வதென்றால் முதலில் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். அவர் தம்பி அபு சலீம் சிறையில் இருந்தவன். 1996இல் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளைச் சுட்டுக் கொன்றுவிட்டு, குடும்பங்களுக்கு வருஷக்கணக்கில் சொல்லவே இல்லை. அவர் அம்மா செத்த பிள்ளைக்குச் சிறைவாசலில் துணியும் சாப்பாடும் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். வாங்கி வைத்துக்கொள்வார்களாம்.

கலா சித்தி: பாவிப் பயலுக

மாமா: மச்சான், அவன் கேட்டது வேலையைப் பற்றி.

வித்யா: சொல்லட்டும் மாமா

பெரியப்பா: வருகிறேன். அந்தக் குடும்பங்களின் வக்கீலைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் 2011 பிப்ரவரியில் பெங்காசியே கடாஃபிக்கு எதிராக ரோட்டுக்கு வந்தது. எங்களை ஸ்காட்டியா பிரின்ஸ் கப்பலில் ஏற்றி அலெக்சாண்ட்ரியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து விமானம்.

சுந்தரி அத்தை: எனக்கு வாங்கின சங்கிலி தொலைந்த கப்பல். அதே டிசைனில் மதினி கழுத்தில் கிடந்தது மட்டும் தொலையவில்லை.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமா: அப்புறம் அமெரிக்கா, ஐரோப்பாக்காரர்களின் நேட்டோ ராணுவக் கூட்டணி லிபியாவில் குண்டு போட்டது அந்த அம்மாவுக்காகவா? எண்ணெய்க்காக. ஐ.நா.வின் 1973ஆம் எண் தீர்மானத்தில் பொதுமக்களைக் காப்பாற்று என்றுதான் இருக்கிறது, ஆட்சியைக் கவிழ் என்று எங்கேயும் இல்லை. இந்தியா ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது சரி.

வித்யா: கடாஃபியோட டாங்கி ஊருக்குள் வரும்போது ஒதுங்குவது சரியா? வியட்நாம் கம்போடியாவுக்குள் போய், சொந்த ஜனங்களையே கொன்று குவித்த போல் பாட்டை 1979இல் துரத்தினது நியாயம்னு போன பொங்கலுக்கு நீங்கதானே சொன்னீங்க.

மாமா: அது வேற. எல்லையில் புகுந்து முதலில் அடித்தது போல் பாட் ஆட்கள்.

வித்யா: அப்போ பக்கத்து வீட்டுக்காரன் போகலாம், அடுத்த தெருக்காரன் போகக்கூடாது?

முருகேசன் சித்தப்பா: (படம்: ரோஜாப்பூ, ‘இனிய காலை வணக்கம்’)

முத்து: சித்தப்பா மணி நாலு

மாமா: அடுத்த தெருக்காரன் 2003இல் ஈராக்குக்குப் போனான். பேரழிவு ஆயுதம் இருக்கு என்றான். கிடைத்ததா?

வித்யா: ஈராக்கை நான் நியாயப்படுத்தலையே. இவ்வளவு பேசும் தோழர் மறுபடி தாலி கட்டப்போறாராம்.

மாமா: அது உங்க அத்தை ஏற்பாடு.

பெரியப்பா: நான் இன்னும் முடிக்கவில்லை. வீட்டுக்காரர் சில மாதம் கழித்துப் போன் பண்ணினார். மார்ச் 19 அன்று கடாஃபியின் டாங்கிகள் ஊருக்குள் வந்துவிட்டன, சாயங்காலம் பிரெஞ்சு விமானங்கள் அடித்தன, அவர்கள் வந்திருக்காவிட்டால் என் பிள்ளைகள் இல்லை என்று அழுதார். மறுபடி பேசியது 2017இல். அவர் வீடு பெங்காசியில் சாப்ரி பகுதியில், கடல் பக்கம். கடாஃபி 2011 அக்டோபர் 20 அன்று செத்தார், 31ஆம் தேதியோடு நேட்டோ கடையைக் கட்டியது. அப்புறம் துப்பாக்கி வைத்திருந்தவன் எல்லாம் ராஜா. ராணுவத் தளபதி ஹஃப்தார் படை ஒரு பக்கம், எதிராளிகள் ஒரு பக்கம் என்று மூன்று வருஷம் அடித்துக்கொண்டதில் தெருவே இல்லை. மாடிப்படி மட்டும் நிற்கிறது, ஏறினால் மேலே வீடு இல்லை என்றார். அப்படியென்றால் அன்று அழுதது தப்பா என்று கேட்டேன். இரண்டும் என் வீட்டில்தான் நடந்தது, எதைத் தப்பு என்று சொல்ல என்றார்.

கலா சித்தி: …

மாமா: மறுநாளுக்குத் திட்டம் போடாததுதான் தன் பெரிய தப்பு என்று ஒபாமாவே 2016இல் சொன்னார்.

சுந்தரி அத்தை: மறுநாள் காலை டிபனுக்கும் சேர்த்துத்தான் அட்வான்ஸ். யார் போறீங்கன்னு கேட்டேன்.

முத்து: பெரியப்பா நான் போகலாமா வேண்டாமா

பெரியப்பா: மிஸ்ராத்தா பெங்காசி மாதிரி இல்லை. ஆனால் அந்த நாட்டில் இப்போது ரெண்டு அரசு. சம்பளம் எந்த பேங்கில், எந்தப் பணத்தில் வரும், ஊருக்கு எப்படி அனுப்புவது என்று முதலில் கேள். விவரமாக வாய்ஸ் அனுப்புகிறேன்.

பெரியப்பா: (குரல் செய்தி 7:42)

வித்யா: ஏழு நிமிஷமா

மாமா: தோப்புக் கணக்கு கேட்டால் மட்டும் ஏழு வினாடி

கலா சித்தி: முத்து, பாஸ்போர்ட் ஆச்சி பீரோவில் இருக்கு. நான் லிபியான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். சாவியை முந்தியில் முடிஞ்சுக்கிட்டுப் படுத்துட்டாங்க.

முத்து: சித்தி!!

சுந்தரி அத்தை: அட்வான்ஸ்?