கத்தியில் இருக்கும் சுத்தியல் குழி: வேலையா, வேஷமா?

கேள்வி (அடுப்படிவாசி):
ஜப்பானியக் கத்தி ஒன்று வாங்கப் பார்க்கிறேன். எதைத் திறந்தாலும் அலகு முழுக்கச் சுத்தியல் குழி. செம்புக் கெண்டி, இரும்புக் கெண்டி எல்லாவற்றிலும் அதே மாதிரி. உண்மையிலேயே கையால் அடித்ததா, விலை ஏற்றும் வேஷமா? குழி இருந்தால் காய் ஒட்டாது என்கிறார்கள், நம்பலாமா?

வெட்டுப்பலகை:
வேஷம்தான். தகட்டில் அச்சை வைத்து ஓர் அழுத்து, குழி ரெடி.

செம்புக்கிறுக்கி:
அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது நண்பரே. நான் பொழுதுபோக்காகச் செம்பு அடிப்பவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீகாட்டா மாநிலத்து ட்சுபாமேயில் தட்டையான செம்புத் தகட்டை அடித்தே கெண்டியாக எழுப்புகிறார்கள். கியோகுசென்டோ பட்டறை 1816-இலிருந்து இதைச் செய்கிறது. செம்பு அடிக்க அடிக்க இறுகும். நெருப்பில் காய்ச்சி இளக்கினால்தான் அடுத்த சுற்று. இளக்காமல் ஆத்திரப்பட்டு அடித்தால் விரிசல் விடும். அங்கே சுத்தியல் தடத்தை அலங்காரம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த அடி இல்லாவிட்டால் கெண்டியே இல்லை.

இவாத்தே மாநிலத்து ‘நம்பு’ வகை இரும்புக் கெண்டி நேர் எதிர். வார்ப்பிரும்பு சுத்தியலுக்கு வளையாது, உடையும். அதன் மேல் இருக்கும் புள்ளிகளை, இரும்பை ஊற்றுவதற்கு முன்பே அச்சின் உட்புறத்தில் ஒவ்வொன்றாகக் குத்துகிறார்கள். கைவேலைதான், ஆனால் கை பட்டது அச்சில்.

கத்தியில்தான் உங்கள் சந்தேகம் நியாயம். குழி பெரும்பாலும் அலகின் மேல்பாதியில்தான் இருக்கும். வெட்டும் விளிம்புக்குப் பக்கத்தில் வழுவழுப்பாகத் தேய்த்திருப்பார்கள். ஈரமான உருளைக்கிழங்கு குழியைப் பார்த்து ஒதுங்காது, அலகின் பக்கங்களை எப்படித் தேய்த்திருக்கிறார்கள் என்பதே முக்கியம். ஒசாகா பக்கம் சகாயில் மரபுக் கத்தியைக் காய்ச்சி அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் இன்னொருவர். அந்தத் தீட்டலுக்குக் காசு கொடுங்கள்.

வெட்டுப்பலகை:
சரி, ஒத்துக்கொள்கிறேன். 1985-இல் வந்த ‘குளோபல்’ பிராண்ட் கத்தியும் நீகாட்டாதான். அதன் கைப்பிடிக் கருப்புக் குழிகள் வழுக்காமல் இருக்க. சுத்தியல் என்று யாரும் கதை விடவில்லை.

அடுப்படிவாசி:
அப்போ குழி இல்லாததையே எடுக்கிறேன். கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா?

செம்புக்கிறுக்கி:
எலுமிச்சை நறுக்கிவிட்டு அப்படியே போட்டுப் போகிற ஆளா? ஸ்டெயின்லெஸ் எடுங்கள். உடனே கழுவித் துடைப்பீர்கள் என்றால் கார்பன். கறுத்துப் போனால் பயப்படாதீர்கள், செந்துரு வந்தால்தான் தேய்க்க வேண்டும்.