தூங்கினா மட்டும் மூச்சு நிக்குது, சிசிஎச்எஸ்னா என்ன?

குட்டிமாமா:
அக்கா பொண்ணு பொறந்து 12 நாளாச்சு, முழிச்சிருந்தா நல்லாதான் இருக்கா, கண்ணசந்தா போதும் மூச்சு கொறஞ்சு நீலமாயிடுறா. நுரையீரல், இதயம் ரெண்டும் நார்மலாம். சிசிஎச்எஸ்ஸா இருக்கலாம், ஜீன் டெஸ்ட் எடுக்கணும்ங்கிறாங்க டாக்டருங்க, மூச்சுக்கு எதுக்குங்க ஜீன் டெஸ்ட்?

லேப்வாசி:
சிசிஎச்எஸ்னா தூங்குறப்ப மூச்சு தானா சரியா ஓடாத பொறவி நோய். ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறினா மூச்சை இழுக்கச் சொல்ற நரம்பு செல்லுங்க மூளைத்தண்டுல இருக்கு, கருவுல அது சரியா உருவாக ஃபாக்ஸ்2பி (PHOX2B) ஜீன் வேணும், அது உண்டாக்குற புரதத்துல ஒரு எடத்துல 20 அலனின் (புரதத்தோட ஒரு கட்டுமான அலகு) வரிசையா இருக்கணும், இந்த நோய்ல பெரும்பாலும் 24லேர்ந்து 33 வரை நீண்டிருக்கும். இந்த ஜீன்தான் காரணம்னு 2003லதான் கண்டுபிடிச்சாங்க.

ரெண்டுபுள்ளஅம்மா:
மொதல்ல அக்காவ யாரும் கொற சொல்லாம பாத்துக்கோங்க, பெரும்பாலும் பெத்தவங்ககிட்ட இல்லாம குழந்தைக்குப் புதுசா வர்ற ஜீன் மாற்றம்தான். மருந்து கெடயாது, தூங்குறப்பல்லாம் வென்டிலேட்டர். வயிறு உப்புதா, மோஷன் போறாளான்னும் கேளுங்க, சிலருக்கு குடல் நரம்பும் சரியா வளந்திருக்காது.

குட்டிமாமா:
ஐயோ, வயிறு உப்பலாதான் இருக்கு, இப்பவே சொல்றேன்